பில் இல்லாத மீன்

ஓசூரில் கடலைத் தவிர எல்லாம் கிடைக்கும். லாரி செய்கிறார்கள், வாட்ச் செய்கிறார்கள், ரோஜாப்பூவை ப்ளேன் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் பேரம் பேசலாம், மூன்றிலும் ஏமாறலாம். மீன் விஷயத்தில் மட்டும் நாம் கையேந்தும் பார்ட்டி. கிருஷ்ணகிரி டேமிலும் சுற்றுவட்டார ஏரிகளிலும் பிடிக்கிற கெண்டை கொஞ்சம். ராத்திரியோடு ராத்திரியாக ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டே வரும் கட்லா, ரோகு மிச்சம். கடல் மீனும் வருகிறது. கடலை விட்டு எத்தனை நாளாயிற்று என்பது அதற்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

நான் பி.காம். எந்தச் சரக்கைப் பார்த்தாலும் 'பில் எங்கே?' என்று தேடுகிற வியாதி உண்டு. மீனுக்கு பில் கிடையாது. பச்சை மீனுக்கும் ஐஸில் வைத்த மீனுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. ஏழைபாழைகள் சாப்பிடுகிற பண்டத்துக்கு வரி எதற்கு என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வரி இல்லாததால் பில் இல்லை. பில் இல்லாததால், இந்த மீன் எந்தக் குளத்தில் வளர்ந்தது, என்ன தின்றது, என்னென்ன மருந்து குடித்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் பேட்ச் நம்பர் இருக்கிறது. முந்நூறு ரூபாய் மீன் மேல் ஐஸ்தான் இருக்கிறது.

'மீனுக்கு மருந்தா?' என்று கேட்பவர்களுக்கு: ஆமாம் ஸார். நாம் குடிப்பதைவிட வெரைட்டியாக.

காவேரிப்பட்டணம் தாண்டிக் குளம் வெட்டி மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மருந்து ஷெட்டைப் பார்த்தால் சின்ன மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கும். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு. ஊதாக் கலரில் பெர்மாங்கனேட். 'மினரல்', 'ப்ரோபயாட்டிக்' என்று பளபளப்பான டப்பாக்கள். மீன் பேனுக்கு ஒரு பாட்டில் (மீனுக்கும் பேன் உண்டு. தலையில் மட்டுமில்லை, உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும்). மூலையில் மஞ்சள் பொடி, 'ஓ.டி.சி.' என்று செல்லமாகச் சொல்லப்படும் ஆக்ஸிடெட்ராசைக்ளின். நமக்கு டாக்டர் எழுதித் தருவாரே, அந்த டெட்ராசைக்ளின் குடும்பம்தான்.

இதில் பாதி மருந்தே இல்லை. சுண்ணாம்பு குளத்தின் புளிப்பை எடுக்கும். பெர்மாங்கனேட் தண்ணீரைச் சுத்தம் பண்ணும். இதற்கெல்லாம் பயப்பட்டால் அப்புறம் வெற்றிலை போட முடியாது. 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டி, பிறகு நாடு முழுக்கப் பரவிய புண் நோயில் கெண்டையும் விராலும் உடம்பெல்லாம் ஓட்டையாகிச் செத்தபோது, பல ஊர்க் குளங்களைக் காப்பாற்றியதில் சுண்ணாம்புக்குப் பெரிய பங்கு உண்டு. புவனேஸ்வரத்து அரசு ஆராய்ச்சி நிலையம் அதற்கென்றே 'சிஃபாக்ஸ்' என்று ஒரு மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அதே மாதிரி, 'ஜிலேபி மீனுக்கு ஹார்மோன் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக மாற்றுகிறார்களாம், நாம் சாப்பிட்டால் நமக்கு என்ன ஆகும்?' என்று சிலர் வாட்ஸ்அப்பில் கலங்குகிறார்கள். திலேப்பியா எனும் ஜிலேபிக்கு, குஞ்சாக இருக்கும் முதல் மூன்று, நான்கு வாரம் தீவனத்தில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுக்கும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. பெண் ஜிலேபி சதா முட்டையிட்டுக் குளத்தை நிரப்பிவிடும், எதுவும் பெரிதாக வளராது என்பது காரணம். அந்தக் குஞ்சு அரைக் கிலோவாகி நம் தட்டுக்கு வருவதற்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். ஹார்மோன் அதற்கு முன்பே உடம்பை விட்டுப் போய்விடும். ஆகவே மீசை முளைக்குமோ என்ற கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அந்த மூலை மஞ்சள் பொடிக்கும், அதைவிட மோசமான அதன் சொந்தக்காரர்களுக்கும்தான்.

நண்பரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குளம் என்பது தண்ணீருக்குள் கட்டிய ஹவுஸ்ஃபுல் தியேட்டர். மீன் அதிகம், காற்று குறைவு. ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்ஸிஜனைக் காலி பண்ணிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் கரண்ட் போய், காற்றடிக்கும் மோட்டார் நின்றால் முதல் மொத்தமும் வெள்ளையாக மிதக்கும். போட்ட லட்சம் போச்சு. ஆட்டுக்கு, மாட்டுக்கு ஊரிலேயே டாக்டர் உண்டு. மீனுக்கு? பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, கேட்டால் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஃபோனை எடுப்பவர் மருந்துக் கடைக்காரர்தான். அவர் 'எதற்கும் இதையும் போட்டுடுங்க' என்பார். எந்தக் கடைக்காரர்தான் 'ஒன்றும் வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள்' என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை மீனுக்கு ஸ்பூனில் புகட்ட முடியாது, தீவனத்தில் கலந்துதான் போட வேண்டும். ஆனால் காய்ச்சல் வந்தால் நமக்குச் சோறு இறங்காதது போலவே, சீக்கு வந்த மீன் தீவனத்தைத் தொடாது. அப்போ அந்த மருந்தை யார் தின்கிறார்கள்? நோயே இல்லாமல் தடித்தனமாக நீந்திக்கொண்டிருக்கும் மற்ற மீன்கள்! தின்னாத மிச்சம் சேற்றில். தின்றதிலும் பெரும் பங்கு செரிக்காமல் எச்சத்தோடு அதே சேற்றில். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்த்து, 'இவ்வளவுதானா நீ?' என்று பழகிக்கொள்கின்றன. பழகிய வித்தையைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் சொல்லிக் கொடுக்கின்றன. மனிதனுக்கு நோய் தரும் கிருமி அதில் ஒன்று கற்றுக்கொண்டால் போதும். நாளைக்கு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து நமக்கு வேலை செய்யாது.

மருந்து கொடுத்த மீனை உடனே பிடித்து விற்கக் கூடாது. உடம்பிலிருந்து மருந்து வெளியேற நாள் தர வேண்டும். இதற்கு ஐரோப்பாவில் ஒரு அழகான கணக்கு வைத்திருக்கிறார்கள். டிகிரி-நாள். தண்ணீரின் சூட்டை நாட்களால் பெருக்க வேண்டும். 500 டிகிரி-நாள் காத்திரு என்றால், பத்து டிகிரி குளிர்த் தண்ணீரில் ஐம்பது நாள், நம்ம ஊர் இருபத்தைந்து டிகிரியில் இருபது நாள். வட்டிக் கணக்கு போட்டுப் பழகிய எனக்கு இது உடனே பிடித்துப்போனது. நண்பரிடம் சொன்னேன்.

"அண்ணா, கணக்கு சரிதான். ஆனா இன்னைக்கு இருபது மீன் செத்து மிதக்குது, நாளைக்கு இருநூறு மிதக்கும்னு தெரியுது. இருபது நாள் காத்திருந்தா எதைண்ணா புடிக்கிறது? வலையைப் போட்டு இருக்கிறதை வித்துருவாங்க."

"மருந்து போட்ட மறுநாளா?"

"நான் செய்யலைண்ணா. செய்யறவங்களைப் பார்த்திருக்கேன்."

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி வாரியாக எந்தக் குளத்துக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார். இதை யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். "பேங்க்ல லோனுக்குப் போனப்ப கேட்டாங்க" என்றார்.

★ ★ ★

இப்போது இதே நாட்டில், இதே மாதிரிக் குளத்தில் வளரும் இறாலின் ராஜவாழ்க்கையைப் பாருங்கள்.

2002-ஐ ஒட்டி ஐரோப்பாவுக்குப் போன நம் இறாலில் நைட்ரோஃபியூரான் என்ற மருந்தின் மிச்சம் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். புற்றுநோய் அச்சம் உள்ள மருந்து. மாமிசத்தோடு ஒட்டிக்கொள்ளும், வேகவைத்தாலும் போகாது. கூடவே குளோராம்ஃபெனிகால். ஒரு காலத்தில் நம் வீடுகளில் டைபாய்டு வந்தால் இதைத்தான் கொடுப்பார்கள். அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும், எவ்வளவு சாப்பிட்டால் என்ற கணக்கே அதற்குக் கிடையாது. அதனால்தான் 'கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை' என்று எந்த நாடும் சொல்வதில்லை.

எவ்வளவு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்? நைட்ரோஃபியூரானுக்கு ஐரோப்பா வைத்த கோடு நூறு கோடியில் ஒரு பங்கு. நம் கணக்கில், பத்து டன் லாரி நூறு லாரி நிறைய இறால், அதில் ஒரே ஒரு கிராம். 2022 நவம்பரிலிருந்து அதுவும் அதிகம் என்று அரை கிராம் ஆக்கிவிட்டார்கள். 2016 முதல் இந்தியாவிலிருந்து போகும் வளர்ப்பு மீன், இறால் சரக்குகளில் பாதியைத் துறைமுகத்திலேயே சோதிக்கிறார்கள்.

இந்த உதைக்குப் பிறகு நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏற்றுமதியைக் கவனிக்கும் எம்பெடா நிறுவனம் பண்ணைகளைப் பதிவு செய்தது. வலை போடுவதற்கு முன்பே குளத்திலிருந்து சாம்பிள் எடுத்து லேபில் சோதித்து, சான்றிதழ் தருகிறது. வருஷா வருஷம் எந்த மருந்து மிச்சம் எங்கே இருக்கிறது என்று தேட ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. ஒரு இறால் அமெரிக்காவில் ஒரு தட்டில் போய் உட்கார்ந்தால்கூட, அது எந்தக் குளத்துப் பிள்ளை என்று தேடிப் பிடிக்க வழி உண்டு.

நல்ல ஏற்பாடு. கைதட்டுகிறேன். எனக்கு இருக்கிற ஒரே சந்தேகம்: இந்த வசதி ஏன் வெளிநாட்டு வயிற்றுக்கு மட்டும்?

சட்டம் இல்லாமலா? இருக்கிறது, ஆனால் அது வந்த அழகைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதியில் தடைப் பட்டியல் இருந்தது. கூடாத மருந்துகள் இருபது. டெட்ராசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் மிச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற அளவும் இருந்தது. ஆனால் தடை எங்கே என்றால் 'கடல் உணவு பதப்படுத்தும்' இடங்களில். காவேரிப்பட்டணத்துக் குளத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வக்கீல் வைத்துக் கேட்கலாம். வேறு எதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் கடைசி ஆயுதமாகப் போடும் கொலிஸ்டினை, கோழிக்கும் மீன்வளர்ப்புக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை செய்தது 2019 ஜூலையில்தான். அதுவரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! குளோராம்ஃபெனிகாலையும் நைட்ரோஃபியூரானையும் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கென்று தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது என்று உத்தரவு வந்தது 2025 மார்ச்சில். ஐரோப்பா இறாலைத் திருப்பி அனுப்பியதிலிருந்து இருபத்து மூன்று வருஷம். அன்று பிறந்த குழந்தை பி.காம். முடித்து வேலைக்கே போயிருக்கும்.

இப்போது பேப்பரில் நம் வயிறும் வெள்ளைக்காரன் வயிறும் ஒன்று. ஆனால் அவன் மீனுக்குச் சீட்டு இருக்கிறது, நம் மீனுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மார்க்கெட்டில் சாம்பிள் எடுக்கலாம். எடுத்து, லேபுக்கு அனுப்பி, மருந்து இருக்கிறது என்று முடிவும் வரட்டும். யாரைப் போய்ப் பிடிப்பது? மீன்காரம்மா ஏலத்தில் எடுத்தேன் என்பார். ஏலக்காரர் லாரியில் வந்தது என்பார். லாரி ஊருக்குப் போயிருக்கும்.

2018 ஜூனில் கேரளாவில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று இறங்கி, எல்லைச் சாவடிகளிலேயே லாரிகளை மடக்கி, ஃபார்மலின் போட்ட மீனை ஆயிரக்கணக்கான கிலோ பிடித்தார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செய்து கொடுத்த துண்டுக் காகிதத்தை மீன் மேல் தேய்த்தால் சில நிமிஷத்தில் கலர் காட்டிக் கொடுத்துவிடும். பிணத்தைக் கெடாமல் வைக்கும் சமாச்சாரம் என்பதால் ஜனங்களும் அலறினார்கள். ஆனால் ஃபார்மலின் செத்த மீனுக்குப் போடுவது. உயிரோடு இருக்கும்போது போட்ட ஆன்டிபயாட்டிக்கைக் காட்டிக்கொடுக்க அந்தக் காகிதத்தால் ஆகாது, லேபுக்குத்தான் போக வேண்டும். நாற்றமில்லை, கலரில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிமார் வித்தை இங்கே பலிக்காது.

நம் எல்லைப் பக்கத்துக்கென்று ஸ்பெஷலாக இரண்டு சங்கதி உண்டு.

ஒன்று கோழி. ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமில்லை. கோழி எச்சம் குளத்துக்கு அருமையான உரம். பாசி வளரும், பாசியைத் தின்று மீன் வளரும், செலவும் மிச்சம். ஆனால் கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால் அது எச்சத்தோடு குளத்துக்கும் சேர்த்துத்தான் வரும். தாய்லாந்தில் கோழிக்கூண்டுக்குக் கீழே மீன் குளம் வைக்கும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட குளங்களை 2000-த்தை ஒட்டி ஆராய்ந்தபோது, எச்சம் விழ ஆரம்பித்த இரண்டே மாதத்தில் குளத்துப் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பணியாத ரௌடிகளாகியிருந்தன. மீன்காரர் ஒரு மாத்திரைகூட வாங்கியிருக்க மாட்டார். ஆகவே 'நாங்க மருந்தே போடறதில்லை ஸார்' என்று ஒருவர் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம், போதாததாகவும் இருக்கலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இந்த ஜாதிதான். மருந்தே வேண்டாத மகாராஜா. சாக்கடையில் விட்டாலும் மேலே வந்து காற்றை நேராகக் குடித்துப் பிழைக்கும், கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுக்கும். உள்ளூர் மீனையெல்லாம் விழுங்கிவிடும் என்று மத்திய அரசு 2000-லேயே தடை போட்டது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயமும் கூடாது என்றது. அப்படியும் நம் பக்கத்து மாவட்டங்களில் இந்தக் குளங்களை அதிகாரிகள் அழிக்கும் செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. அழிப்பதற்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, ஆறு. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அந்தப் பெல்லந்தூர் ஏரி தண்ணீராக இருந்துகொண்டே தீப்பிடித்து எரிந்த அதிசயத்தை 2017-ல் பார்த்தோம், 2018-ல் அணைக்க ராணுவமே வந்தது. மழை பெய்து தண்ணீர் பெருகினால் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை நிற்கும். டி.வி.க்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் கிருஷ்ணகிரி டேமுக்குப் போகிறது, அங்கேயும் மீன் வளர்கிறது. ஒரு மாநகரத்தின் சோப்பு, சாக்கடை, ஜனங்கள் விழுங்கிய மாத்திரையின் மிச்சம்... ஊர்க்காரர்கள் குளத்துக்கு மருந்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு ஆற்றிலேயே ஃப்ரீ டெலிவரி. எல்லையில் லாரிக்குப் பர்மிட் கேட்கிறவர்கள் ஆற்றிடம் எதைக் கேட்பது?

மருந்தில்லாமல் முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. நார்வேயில் 1987-ல் வளர்ப்பு மீனுக்குக் கொட்டிய ஆன்டிபயாட்டிக் கிட்டத்தட்ட 48 டன். அப்போது வளர்த்த சால்மன் ஐம்பதாயிரம் டன்னைச் சுற்றி. இன்றைக்கு வளர்ப்பது பதினைந்து லட்சம் டன்னுக்கு அருகில், மருந்து ஒரு டன்னுக்கும் குறைவு. மந்திரமில்லை. தடுப்பூசி! ஒவ்வொரு குஞ்சையும் பிடித்து வயிற்றில் ஒரு ஊசி. கூடவே நெரிசலைக் குறைத்தார்கள், ஒரு ஈடு மீனை அறுத்ததும் வளர்த்த இடத்தைச் சும்மா போட்டு ஆறவிட்டார்கள். மருந்து கொடுக்க வேண்டுமானால் டாக்டர் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டு அரசாங்கத்துக்குப் போய்விடும். அவர்களுக்கும் முதலில் இருந்தது சீட்டுதான்.

நம் கட்லாவுக்கு ஊசி வரும்வரை வரட்டும். அதற்கு முன்னால் என் நண்பரின் நாற்பது பக்க நோட்டில் இருக்கும் ஒரு வரியை, குளத்தின் பெயர், கடைசி மருந்து, தேதி, மூன்றே மூன்று விஷயத்தை, ஐஸ் பெட்டியோடு ஒரு ஸ்டிக்கராக அனுப்ப முடியாதா? இறாலுக்கு முடிகிறதே!

சரி, நாமாவது கேட்டுப் பார்ப்போம் என்று போன வாரம் ராயக்கோட்டை ரோடு பக்கம் மீன் விற்கும் அம்மாவிடம் கேட்டேன்.

"அக்கா, இது எந்த ஊர் மீன்? எந்தக் குளம்? வளர்த்தது யாரு?"

செதில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஊரு, குளம், குலம் எல்லாம் விசாரிக்கிறீங்களே... சம்பந்தம் பண்ணப் போறீங்களா?"

பக்கத்துக் கடைவரை சிரித்தது. நான் விடாமல், எழுதியே தந்தால் இன்னும் நல்லது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கிலோவுக்கு இருபது ரூபா சேத்துக் குடுங்க. லாரிக்காரன்கிட்ட கேட்டு எழுதி வாங்கித் தரேன்."